சென்டர் பூட்டிக் கிடந்த மூன்று நாள்

எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் போன மாதம் ஒரு வாக்குவாதம். ஊராட்சியில் வேலை உருப்படியாக நடக்க வேண்டுமானால் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், தலைவர் ஒரு பக்கம் அதிகாரி ஒரு பக்கம் இழுத்தால் வண்டி நகராது என்றார் ஒருவர். இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. காபி ஆறிப்போகிற வரை பேசினார்கள். கூட்டம் முடிந்ததும் செயலாளர் என்னிடம், "நீங்க பஞ்சாயத்து யூனியன் ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து இருந்தவுங்க. நம்ம சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்கம்மா" என்றார். அதனால் எழுதுகிறேன். யூனியனின் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள்.

நான் கறம்பக்குடிப் பக்கத்தவள். அப்பா சமஸ்தானக் கச்சேரியில் சேவகராக இருந்தவர். நாற்பத்தெட்டில் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்து, நாங்கள் திருச்சி ஜில்லா ஆன பிறகு அவருக்கு வேலை மாறியது. எனக்குப் பள்ளிக்கூடம் மாறியது. திருச்சியில் மருத்துவச்சிப் பயிற்சி. விடுதிச் சாப்பாடும், டெட்டால் வாசமும், பிரசவக் கணக்கு நோட்டில் எண்ணிக்கை நிரம்ப வேண்டுமே என்கிற கவலையும்தான் அதில் நினைவிருக்கிறது. ஐம்பதுகளின் நடுவில் ஜில்லா போர்டு எனக்கு ஒரு தாய் சேய் நல விடுதியில் வேலை கொடுத்தது. ஊர்க்காரர்கள் அதைச் 'சென்டர்' என்பார்கள். என்னை நர்சம்மா என்பார்கள்.

போர்டு காலத்தில் எங்களை யாரும் வந்து பார்த்ததில்லை. பிரசவ மேஜையின் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். செங்கல் வைத்து முட்டுக் கொடுத்திருந்தோம். வெந்நீர் போட ஒரு ஸ்டவ் கேட்டுத் திருச்சிக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் பதில் வந்தது. ஸ்டவ் வரவில்லை. ஆயா அழகிதான் பின்னால் மூன்று கல் கூட்டி, சுள்ளி பொறுக்கிக் காய்ச்சித் தருவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பஞ்சாயத்து யூனியன் வந்தது. சுற்றியுள்ள ஊர்ப் பஞ்சாயத்துகளையெல்லாம் சேர்த்து ஒரு யூனியன். அந்தப் பஞ்சாயத்துத் தலைவர்கள் கூடுவது கவுன்சில். அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர் சேர்மன். சர்க்கார் அனுப்பி வைத்தவர் கமிஷனர். பள்ளிக்கூடம், கிணறு, ரோடு எல்லாம் யூனியன் கைக்குப் போயின. எங்கள் சென்டரும் போயிற்று.

சேர்மன் வெள்ளைச்சாமி ஐயா பெரிய விவசாயி. நல்ல உயரம், துண்டைத் தோளில் போட மாட்டார், இடுப்பில் சுற்றியிருப்பார். பதவியேற்ற வாரமே சென்டருக்கு வந்தார். மேஜையைக் கையால் ஆட்டிப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார்.

"இதுலயா நம்ம பொம்பளைக பிள்ளை பெக்குறாக?" என்றார்.

அடுத்த கவுன்சிலில் தீர்மானம். அதற்கடுத்த மாதம் புது மேஜை, ஸ்டவ், வாசலில் பெண்கள் உட்கார சிமெண்ட் பெஞ்சு, பின்னால் ஒரு கிணறு. அதோடு விடவில்லை. ஊர் ஊராகத் தமுக்கு அடிக்கச் சொல்லி, "பிரசவத்துக்குச் சென்டருக்குப் போங்க, நர்சம்மா எந்நேரமும் இருக்கும்" என்று சொல்ல வைத்தார். வீட்டு வாசலோடு நின்றுகொண்டிருந்த பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அந்த வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வருகிறது. காலை முதல் வாசல் பெஞ்சில் இடம் இருக்காது. அழகி வரிசை பிரித்து உட்கார வைக்கிற அதிகாரத்தில் கலெக்டரைப் போல நடப்பாள்.

கமிஷனர் ராகவன் சாருடைய குணம் வேறு. கும்பகோணத்துப் பக்கத்து மனிதர். மெலிந்த உடம்பு, தணிந்த குரல். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொள்வார். அதற்குள் எதிரில் நிற்பவருக்கு வேர்த்துவிடும். சேர்மன் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். இரண்டு பேரும் ஜீப்பில் போனால் முன் சீட்டு சேர்மனுக்கு. இவர் பின்னால் ஏறி, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டே வருவார். ஆனால் சேர்மன் வாயால் சொன்ன எதையும் செய்ய மாட்டார். "எழுதிக் கொடுங்க, பார்த்துச் சொல்றேன்" என்பார். ஊழியர்களின் முதல் கூட்டத்தில் சேர்மன் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்:

"என்ன செய்யணும்னு கவுன்சில் சொல்லும். அதை யார் செய்யணும், எப்ப செய்யணும்னு நான் சொல்லணும். உங்களுக்கு உத்தரவு என்கிட்டேர்ந்துதான் வரும். எழுத்துலதான் வரும்."

சேர்மன் சிரித்துக்கொண்டே, "அப்ப நான் சும்மா மாலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதானா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். கமிஷனர் சிரிக்கவில்லை. "இல்லைங்க, நீங்க சொல்லலைன்னா எனக்குச் செய்ய வேலையே இல்லைங்க" என்றார்.

ஜீப் விஷயத்தில் கமிஷனர் இன்னும் கறார். யூனியனுக்கு இருந்தது ஒரே ஒரு ஜீப். டிரைவர் தங்கராசுவிடம் ஒரு டிரிப் ஷீட் இருக்கும். எங்கிருந்து எங்கே என்று கமிஷனர் எழுதிக் கையெழுத்துப் போட்ட இடத்தைத் தவிர ஒரு பர்லாங்கு கூட வண்டி நகரக் கூடாது. தங்கராசுவுக்கு முன்னால் இருந்தவர் ஒரு கல்யாணத்துக்கு ஆளேற்றிப் போய் சஸ்பெண்ட் ஆகியிருந்தார்.

இரண்டாம் வருஷம் பங்குனி மாதம் என்று நினைக்கிறேன். சேர்மனுடைய மகள் பாக்கியம் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அது இரண்டாவது பிள்ளை. முதல் குழந்தை புருஷன் ஊரில் பிறந்து அன்றைக்கே இறந்துபோயிருந்தது. சேர்மன் தனியாகச் சென்டருக்கு வந்தார். இந்தத் தடவை சிமெண்ட் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

"நர்சம்மா, ஒரு பத்து நாளைக்கு நீங்க எங்க வீட்டுலயே இருந்துக்கங்க. வலி எப்ப எடுக்கும்னு தெரியலை. ரெண்டாவது தடவையும் எம்புள்ள தாங்க மாட்டா."

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. கமிஷனரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கேளுங்க, கேளுங்க" என்று எழுந்து போனார்.

மறுநாள் யூனியன் ஆபீசுக்குப் போய்க் கமிஷனரிடம் சொன்னேன். "சென்டரை விட்டு நீங்க போகக் கூடாதும்மா. அந்தப் பெண்ணை இங்க அழைச்சிட்டு வரச் சொல்லுங்க. சேர்மன் கேட்டதை ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க, நான் அவருக்குப் பதில் எழுதறேன்" என்றார். எனக்குக் கை வரவில்லை. மேஜை கொடுத்த மனிதர், கிணறு வெட்டிக் கொடுத்த மனிதர், மகளுக்காகக் கெஞ்சியதை நான் புகார் போல எழுதிக் கொடுப்பதா? நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதவில்லை. கமிஷனர் வேண்டாம் என்றதை மட்டும் அழகி மூலம் சேர்மனுக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் காலை சேர்மன் வீட்டு வில்வண்டி வாசலில் வந்து நின்றது. பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். சாவியை அழகியிடம் கொடுத்து, "யாராவது வந்தா நான் சேர்மன் வீட்டுல இருக்கேன்னு சொல்லு" என்றேன்.

சேர்மனுடைய ஊர் சென்டரிலிருந்து ஐந்து மைல் உள்ளே. புதுக்கோட்டை ரோடு இருப்பது சென்டர் பக்கம். அவர் வீட்டில் என்னை ராணி போல வைத்திருந்தார்கள். பாக்கியத்துக்கு ஒரு கோளாறும் இல்லை. தலை கீழே, துடிப்பு நன்றாக இருந்தது. முதல் நாளும் இரண்டாம் நாளும் எனக்கு அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்ப்பதும் முறுக்குத் தின்பதும்தான் வேலை.

மூன்றாம் நாள் பதினோரு மணி வெயிலில் ஒரு மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் தலையில் துண்டோடு குதித்து இறங்கி, "நர்சம்மா இருக்காகளா?" என்று கத்தினார். சந்தை கூடும் ஊரில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் காதர் பாய். வண்டிக்குள் அவருடைய மனைவி மைமூன். விடியற்காலையிலிருந்து வலி. ஒன்பது மணிக்குச் சென்டருக்கு வந்திருக்கிறார்கள். பூட்டியிருந்தது. அழகி விவரம் சொன்னதும் இங்கே திருப்பியிருக்கிறார்கள்.

வண்டியிலேயே ஏறிப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. ஒரு கை வெளியே வந்துவிட்டிருந்தது. அது என் கையால் ஆகிற பிரசவம் இல்லை. அந்தக் கையை இழுக்கவும் கூடாது, உள்ளே தள்ளவும் கூடாது. கொதிக்க வைத்த துணியால் சுற்றினேன். மைமூனை இடதுபுறமாகப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே தலையணை கொடுத்தேன். குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். துடிப்பு கேட்டது. மெதுவாக, தூரத்தில், ஆனால் கேட்டது.

"உசுரு இருக்கு. உடனே புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

ரோடு வேலை பார்வையிடுவதற்காகச் சேர்மனை ஏற்ற யூனியன் ஜீப் அன்று வந்து வாசலிலேயே நின்றிருந்தது. சேர்மன் தங்கராசுவைப் பார்த்து, "எடுடா வண்டியை!" என்றார்.

தங்கராசு அசையவில்லை. "ஐயா, ஷீட்டுல ரோடு வேலைன்னுதாங்க எழுதியிருக்கு. புதுக்கோட்டைன்னு இல்லைங்க."

"நான் சேர்மன் சொல்றேன். நான் கையெழுத்துப் போடுறேன், கொண்டா."

"ஒங்க கையெழுத்து செல்லாதுங்களே ஐயா. எனக்கும் நாலு புள்ளைக இருக்குதுங்க."

சேர்மன் கையை ஓங்கிவிட்டார். காதர் பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தங்கராசுவின் சட்டைப் பையிலிருந்து டிரிப் ஷீட்டை உருவி, 'பிரசவ ஆபத்து. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. பொறுப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "ஏதாச்சும் வந்தா எனக்குத்தான் வரும். ஏறு" என்றேன். அவன் ஏறினான்.

மைமூனைத் தூக்கி ஜீப்பில் படுக்க வைத்தபோது, பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "ஏம்ப்பா, சென்டரு பூட்டியிருந்துச்சாமே. எனக்காகவா?"

சேர்மன் பதில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. வண்டி கிளம்பிவிட்டது.

வழியில் இரண்டு தடவை குழலை வைத்துக் கேட்டேன். சென்டரைத் தாண்டும்போது கேட்டது. பூட்டுத் தொங்குவதை ஜீப்பிலிருந்தே பார்த்தேன். ஒன்பதரைக்குப் புதுக்கோட்டை பஸ் அந்த வாசலில்தான் நிற்கும். நான் அங்கே இருந்திருந்தால் அதில் ஏற்றியிருப்பேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழலை வைத்துக் கேட்டபோது துடிப்பு இல்லை.

மைமூன் பிழைத்தாள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தாள். நான் அன்று சாயங்காலம் சேர்மன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பஸ் ஏறிச் சென்டரில் இறங்கி, அழகியிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து வைத்தேன்.

மறுநாள் கமிஷனர் ஆபீசிலிருந்து மெமோ வந்தது. அனுமதியின்றிச் சென்டரை விட்டுப் போனது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் கேட்டிருந்தார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் போனேன், மன்னிக்கவும்' என்று எழுதிக்கொண்டு நேரிலேயே போனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் பதில் எனக்கு ரொம்பச் சுலபம்மா. உங்களைக் கண்டிச்சு ஒரு வரி எழுதிட்டு ஃபைலை மூடிடலாம். அப்புறம் வேற ஒரு சென்டர், வேற ஒரு வீடு. அங்கயும் கதவு பூட்டியிருக்கும். அதைத் தடுக்க என்கிட்ட எழுத்துல ஒண்ணும் இருக்காது."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க. நடந்ததை எழுதுங்க. சேர்மன் கேட்டதை எழுதுங்க. நீங்க போகக் கூடாதுன்னு நான் வாயாலதான் சொன்னேன். உங்களை எழுதிக் கொடுங்கன்னு கேட்ட நான், உங்களுக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கலை. அது என் தப்பு. அதையும் சேர்த்து எழுதுங்க."

அவர் எதிரில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். என் தப்பை முதலில் எழுதினேன். எழுதி முடிக்கிற வரை அவர் வேறு வேலை பார்க்கவில்லை; ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்டிப்பு வந்தது. என் பணிப் பதிவேட்டில் ஓய்வு பெறும் வரை அது இருந்தது. அது சரியான கண்டிப்பு என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அந்த மாதக் கவுன்சில் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பின்சுவர் ஓரமாக நின்றேன். சேர்மன் என்னைத் தொலைத்துவிடுவார் என்றே அழகி சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் உள்ளே வந்தார். மேடை நாற்காலிப் பக்கம் போகவில்லை. துணைத் தலைவரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீங்க உக்காருங்க, இது என்னைப் பத்தின விஷயம்" என்று சொல்லிவிட்டு, மற்றத் தலைவர்களோடு கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். தன் முறை வந்ததும் எழுந்தார்.

"எம்மகளுக்காக நர்சம்மாவை நான்தான் கூப்பிட்டேன். கமிஷனரு வேணாம்னு சொல்லியும் வண்டி அனுப்பிக் கூட்டிட்டு வந்தேன். காதர் பாய் பொண்டாட்டி பூட்டுன கதவைப் பாத்துட்டு எங்க வீட்டுக்கு வந்துச்சு. பிள்ளை போயிருச்சு. இனிமே சேர்மனோ, கவுன்சிலரோ யாரும் யூனியன் ஆளுகளை வாயால கூப்பிடக் கூடாது. அப்படித் தீர்மானம் போடணும்."

ஒரு தலைவர் எழுந்து, "ஐயா, அதிகாரிக்கு முன்னால நம்ம தலையை நாமளே குனியுறதா? இன்னைக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு நம்மளை யாரு மதிப்பாக?" என்றார்.

"நான் கூப்பிட்டவொடனே அந்தம்மா வந்துருச்சுல்ல. நாளைக்கு நீங்க சேர்மன் ஆனா ஒங்க வீட்டுக்கும் வரும். அப்பறம் ஊருக்குச் சென்டரு எதுக்கு? தமுக்கு அடிச்சு எல்லாத்தையும் வரச் சொன்னது நான். வந்த பொம்பளைக்குக் கதவைப் பூட்டுனதும் நான்."

தீர்மானம் நிறைவேறியது. அப்போது கமிஷனர் எழுந்து, தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். டிரைவர் தன் உத்தரவுக்குப் பயந்து நின்றதும், ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி நகராமல் நின்றதும் தன்னுடைய பொறுப்பு என்றார். மறுநாள் பச்சை மையில் ஓர் உத்தரவு வந்தது. பிரசவ ஆபத்து என்றால் யூனியனில் உள்ள எந்த மருத்துவச்சியும் தன் கையெழுத்திலேயே ஜீப்பை எடுக்கலாம். கமிஷனர் கையெழுத்து பிறகு போதும். அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

அதற்கு ஐந்தாறு நாள் கழித்து, பாக்கியம் அதே வில்வண்டியில் சென்டருக்கு வந்தாள். சேர்மன் வாசல் பெஞ்சில் மற்றப் பெண்களுடைய புருஷன்மாரோடு உட்கார்ந்திருந்தார். ஆண் குழந்தை. குழந்தையை அவர் கையில் கொடுத்தபோது வாங்கத் தயங்கினார். பிறகு வாங்கினார்.

அதன் பிறகு அந்த இரண்டு பேரும் சண்டை போடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரோடு, பள்ளிக்கூட வாத்தியார் மாற்றல், கிணற்றுக்கு இடம் என்று மாதம் ஒன்று வரும். ஒருவர் கத்துவார், இன்னொருவர் கண்ணாடி துடைப்பார். ஆனால் சண்டை முழுவதும் தாளில் நடந்தது. எங்கள் தலையில் விழவில்லை. அந்த நான்கைந்து வருஷங்களில் எங்கள் யூனியனில் நடந்த வேலை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்காதது.

ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மெமோ, விளக்கம், தீர்மானம், உத்தரவு எல்லாம் ஆபீசுக்குள் சுற்றி வந்தன. மைமூனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தச் சந்தை ஊருக்குப் போனேன். வெற்றிலைக் கடைக்குப் பின்னால்தான் வீடு. என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பாய் விரித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஏன் அங்கே இல்லை, யார் வீட்டில் இருந்தேன், ஒன்பதரை பஸ், வழியில் துடிப்பு கேட்டது வரை.

முக்காட்டு முனையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு, "எங்க நசீபு, எங்க தலையெழுத்துன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே நர்சம்மா" என்றாள். "இப்புடி ஒரு காரணம் இருக்குன்னு இத்தனை நாளா யாரும் சொல்லலையே."

அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, "சேர்மன் பேரப்பிள்ளை சொகமா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "இருக்கட்டும்" என்றாள். நான் கிளம்பி வாசலுக்கு வந்த பிறகு பின்னாலேயே வந்தாள்.

"ஒண்ணு செய்யுங்க. எங்க போறதா இருந்தாலும், எங்க போறேன், எப்ப வருவேன்னு கதவுல எழுதிப் போட்டுட்டுப் போங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியும். வந்து நின்னு முழிக்க வேணாம்ல."

அதற்குத் தீர்மானம் எதுவும் வரவில்லை, உத்தரவும் வரவில்லை. மறுநாள் ஒரு சிலேட்டு வாங்கிக் கதவில் ஆணியடித்து மாட்டினேன். அதற்குப் பிறகு மூன்று சென்டர்களில் வேலை பார்த்தேன். ஓய்வு பெறும் நாள் வரை ஒவ்வொன்றிலும் ஒரு சிலேட்டு தொங்கியது. புதிதாக வந்த அதிகாரிகள் இது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டால், ஒருத்தி சொன்னாள் என்பேன்.

மைமூன் அடுத்த பிரசவத்துக்கு வந்தது ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். காதர் பாய் அவளை வண்டியிலேயே விட்டுவிட்டு முதலில் ஓடி வந்து சிலேட்டைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் உள்ளே இருந்தேன்.